'தம்பி' என்று ஒரு புள்ளி

தரங்கம்பாடிக் கடற்கரையில் மீனவர் செல்வம் படகின் ஜிபிஎஸ் கருவியைத் துண்டால் துடைக்கிறார். மீன் கிடைத்த இடங்களும் பாறையில் வலை கிழிந்த இடங்களும் திரையில் எண்ணிட்ட புள்ளிகளாக நிற்கின்றன. ஒன்றுக்கு மட்டும் 'தம்பி' என்று பெயர்.

"அங்கே மீன் நிறைய வருமா?" என்று கேட்கிறேன்.

"மீனே கிடையாதுங்க. தம்பி தவறி விழுந்த இடம். உடனே இதுல பட்டனை அமுக்கி இடத்தைக் குறிச்சிட்டேன். படகைத் திருப்புறதுக்குள்ள ஆளே தெரியல. அந்தப் புள்ளியப் பாத்துத்தான் திரும்பிப் போனோம்."

எப்போது நடந்தது என்று கேட்க வாயெடுக்கிறேன். அதற்குள் தாடிக்காரர் ஒருவர் மூன்று டீயோடு வருகிறார்.

"அண்ணே, ஆறிடப் போவுது."

"இவன்தாங்க" என்கிறார் செல்வம்.

"இந்த ஜிபிஎஸ் முதலில் ராணுவத்துக்காகச் செய்ததாம்" என்கிறேன்.

"எதுக்குச் செஞ்சாங்களோ, செஞ்சவங்க நல்லா இருக்கட்டுங்க" என்றபடி முதல் டீயைத் தம்பியிடமே நீட்டுகிறார்.