ஆறாவது மவுத்பீஸ்

என் மனைவியின் தம்பி கல்யாண பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிப்பவன். முகவாதம் வந்து குணமான பிறகும் அவன் உதட்டின் இடது ஓரம் இறுகவில்லை. அடுத்த மாதம் சிதம்பரத்தில் அவன் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குத் தானே வாசிப்பதாக அவளிடம் சொல்லியிருந்தான். வாய் வைத்து ஊதும் பழைய மவுத்பீஸ்தான் சரியில்லை என்று நம்பி, கடலூரில் ஒரு கடைக்கு என்னையும் அழைத்துப் போனான்.

கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஐந்தில் வெறும் காற்றுதான் வந்தது. ஆறாவது, விளிம்பு அகலமானது. அதில் கீழ்ச் சுரங்கள் சுத்தமாக நின்றன.

"இதான் மச்சான், எடுத்துக்க" என்றேன்.

அவன் மேல் சுரங்களுக்கு ஏற முயன்றான். சத்தம் உடைந்தது. மறுபடியும் உடைந்தது.

"சினிமாப் பாட்டுக்கு ஆவாது மாமா. சாவு வூட்டுக்குத் தாங்கும். அங்க எவனும் ஒன்ஸ்மோர் கேக்க மாட்டான்" என்றான்.

கடைக்காரர் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அதையே வாங்கினான். பஸ் ஏறும் முன் மகளுக்குப் போன் செய்தான்.

"அன்னைக்கு வர்றவங்கள நான்தானம்மா வாங்கன்னு கூப்புடணும். வாசிக்க வேற ஆளு சொல்லிடுறேன்."

அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

"இல்லம்மா, வாய் நல்லாத்தான் இருக்கு" என்றான்.