நானும் ஷமீமும் பிரித்த ஸ்டார்ட்டர் மோட்டார்

போன வாரம் எங்கள் வீட்டு மிக்ஸி படுத்துவிட்டது. சட்னிக்குத் தேங்காயைப் போட்டுத் திருகினேன், உறுமியது, கருகின நெடி ஒன்றை விட்டது, நின்றுவிட்டது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். நானோ மிக்ஸி மேல் குனிந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். "இன்னாம்மா, பெர்ஃப்யூமா அது?" என்றாள். ஒரு விதத்தில் அப்படித்தான். மோட்டாருக்குள் உரசி மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு, அதாவது கார்பன் பிரஷ், தேய்ந்து கருகிய வாசம் அது. சிலருக்கு மல்லிகை, சிலருக்கு மண்வாசனை. எனக்கு இது.

அந்த வாசம் வந்தால் பேரணாம்பட்டு வந்துவிடும். அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் டீச்சராக வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. சேர்ந்த நாள் முழுக்கக் கைக்குட்டையும் மூக்குமாக இருந்தேன். தோல் பதனிடும் ஊர்களின் காற்று அப்படி. பக்கத்து நாற்காலியில் இருந்த கணக்கு டீச்சர் ஷமீம், "ஒரு வாரம்தான்பா. அப்றம் ஒன் ஊருக்குப் போனாத்தான் உனுக்கு மூச்சு முட்டும்" என்றாள். அன்றைக்கே தோஸ்த் ஆகிவிட்டோம்.

ஷமீமிடம் ஒரு வெள்ளை அம்பாசிடர் இருந்தது. அவள் கணவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன கார். இருவரும் அதில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டோம், அதில்தான் பள்ளிக்கும் போனோம். ஓட்டினோம் என்பதைவிட, ஊர் எங்களைத் தள்ளியது என்பதே பொருத்தம். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் மௌனம். டீக்கடையிலிருந்து நாலு பேர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். மாணவிகள் எனக்கு 'தள்ளு டீச்சர்' என்று பெயர் வைத்திருந்ததை நான் தெரியாததுபோல் காட்டிக்கொண்டேன்.

அந்த வருடம் என் வகுப்பில் நஸ்ரீன் என்று ஒரு பெண் இருந்தாள். பாடம் முடிந்த பிறகு கேட்கும் கேள்விகளால் என்னைத் திணறடித்தவள். வேலூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் படிக்க விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வுக்கு அழைப்பும் வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை. அதே திங்கட்கிழமை பஸ் ஸ்டிரைக் என்று சனிக்கிழமைதான் தெரிந்தது. முகூர்த்த நாள் வேறு, வாடகைக் கார் ஒன்றும் கிடைக்கவில்லை.

அவளுடைய அப்பா காதர் பாய் தோல் தொழிற்சாலையில் மேஸ்திரி. நல்ல மனிதர், ஆனால் தயங்குகிறவர். எங்கள் காரில் கூட்டிப் போகிறோம் என்றபோது சங்கடமாகச் சிரித்தார்.

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். ஒங்க வண்டிய ஊருக்கே தெரியும். பாதி வழியில நின்னுபூட்டா பேஜார். என் பொண்ண உள்ள உக்கார வச்சிட்டு நாலு பேரு தள்ளிகினு சிரிக்கறதும் எனுக்கு வாணாம். அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அடுத்த வருடம் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். வாணியம்பாடியிலிருந்து பெண் கேட்டு ஏற்கெனவே வந்துபோயிருந்தார்கள். நஸ்ரீன் கதவோரம் நின்று தாவணி நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"பாய், திங்கட்கெழமை காலைல வாங்க. சாவி போட்டதும் கெளம்பலேன்னா நாங்களே வாணாம்னு சொல்லிட்றோம்" என்றாள் ஷமீம். தெருவுக்கு வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "இப்ப இன்னாபா பண்றது?" என்றாள்.

இன்ஜினைச் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்தான் கோளாறு என்று முன்பே சொல்லியிருந்த மெக்கானிக், தன் தங்கை கல்யாணத்துக்குச் சித்தூர் போயிருந்தார். நான் வருடா வருடம் கரும்பலகையில் மோட்டார் வரைகிறவள். காந்தம், கம்பிச்சுருள், இரண்டு அரைவளையம், இரண்டு பிரஷ். மாணவிகள் கைதட்டும் அளவுக்கு அழகாக வரைவேன். ஒன்றைக்கூட என் ஆயுளில் திறந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷமீம் வீட்டு முற்றத்தில் சாக்கை விரித்தோம். முதலில் பேட்டரியின் கம்பியைக் கழற்றினோம். அது எனக்குத் தெரியும். இன்ஜினோடு மோட்டாரைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டுகளில் ஒன்று உடனே வந்தது. இன்னொன்றுக்காக ஷமீம் பானெட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்து, உருதுவில் ஏதோ திட்டினாள். போல்ட் பயந்து வந்துவிட்டது. மோட்டாரைக் கைக்குழந்தையைப்போல் தூக்கிவந்து சாக்கில் கிடத்தினோம்.

மூடியைத் திறந்ததும் இந்த வாசம்தான். பிரஷ்கள் நான்கு இருந்தன. நான்கும் தேய்ந்து சுண்டுவிரல் நகம் அளவுக்கு வந்திருந்தன, ஸ்பிரிங் அழுத்தியும் எட்டவில்லை. அவை உரச வேண்டிய செப்பு உருளை கருப்புப் பிடித்துக் கிடந்தது. என் படத்தில் இருந்த இரண்டு அரைவளையத்துக்குப் பதில் அதில் வரிசையாக எத்தனையோ செப்புப் பட்டைகள். "ஒன் படத்துல இப்டி இல்லியேபா" என்றாள் ஷமீம். "அது சுருக்கம்" என்றேன் கௌரவமாக.

பஜாரில் போய்ப் புதுப் பிரஷ்கள் வாங்கினோம். செம்பைத் தேய்க்க, ஷூ கம்பெனியில் தோலைச் சொரசொரப்பாக்கும் உப்புத்தாள் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு கிடக்கும், ஷமீம் வீட்டிலும் இருந்தது. அதில் நுண்ணிய தாளாகப் பார்த்துச் சுற்றித் தேய்க்கத் தேய்க்க, கருப்புக்கு அடியிலிருந்து புதுக் குடம் மாதிரி செம்பு எழுந்து வந்தது. பட்டைகளுக்கு நடுவில் இருந்த சந்துகளை உடைந்த ரம்பத் தகட்டால் சுரண்டினோம். முன்னால் இருந்த பல்சக்கரத்தை மண்ணெண்ணெயில் கழுவினோம். பிரஷ் கம்பிகளைப் பற்றவைக்கப் பள்ளி ஆய்வகத்துச் சால்டரிங் இரும்பை, தலைமையாசிரியையிடம் கேட்டே எடுத்துவந்தேன்.

பிறகு சோதனை. ஒரு சின்ன பல்பையும் பேட்டரியையும் வைத்து, மின்சாரம் போகக் கூடாத இடத்தில் போகிறதா என்று பார்ப்பது. பிரஷ்ஷைத் தாங்கும் கூட்டில் ஒரு முனை, வெளி இரும்பில் ஒரு முனை. பல்ப் எரியக் கூடாது.

எரிந்தது.

நான் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே எங்கேயோ ஷார்ட். நமக்கு எதற்கு இந்த வேலை என்று அழுகையே வந்தது. ஷமீம் துணியில் ஊசியால் பூவேலை செய்கிறவள். துணி பார்ப்பதுபோல் பிரஷ் கூடு பொருத்தியிருந்த மூடியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே போய் ஊசியோடு வந்தாள். கூட்டுக்கு அடியிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய ஒரு செப்பு இழையை இழுத்தெடுத்தாள். பழைய பிரஷ் கம்பியிலிருந்து பிரிந்து விழுந்த இழை.

"இப்ப வையி."

வைத்தேன். பல்ப் எரியவில்லை. ஒரு பல்ப் எரியாததற்கு மனிதர்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மூடிப் பூட்டி, மோட்டாரைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பேட்டரி கம்பியை அதில் தொட வைத்தேன். 'விர்ர்' என்று அது எம்பிக் குதித்ததில் என் செருப்பு ஒருபக்கம், நான் ஒருபக்கம். பல்சக்கரம் முன்னால் பாய்ந்து நின்றது. கரி அப்பிய கையோடு இருவரும் கட்டிப்பிடித்துக் கத்தினோம். எதிர்வீட்டு மாடியில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காதர் பாய் இஸ்திரி போட்ட சட்டையில் நஸ்ரீனோடு வந்தார். ஷமீம் சாவியைத் திருப்பினாள். உடனே பிடித்துக்கொண்டது. டீக்கடையிலிருந்து பழக்கதோஷத்தில் எழுந்து வந்தவர்கள் பாதி வழியில் நின்றுவிட்டார்கள்.

குடியாத்தத்தில் ரயில்வே கேட். வழியில் ஷமீமிடமிருந்து வாங்கி, அப்போது நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். கேட் திறந்ததும் பதற்றத்தில் கிளட்ச்சை விட்டேன், இன்ஜின் அணைந்தது. பின்னால் லுங்கி மூட்டை ஏற்றிய டெம்போவும் லாரிகளும் ஹாரன் அடித்தன. இரண்டு பேர் ஓடிவந்து, "தள்ளட்டுமா மேடம்?" என்றார்கள். காதர் பாய் கண்ணை மூடிக்கொண்டார். சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் இன்ஜின் கர்ஜித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் காதர் பாய் ஜன்னலில் தலையை நீட்டி, "வாணாம்பா! எங்க டீச்சருங்க ரிப்பேர் பண்ண வண்டி!" என்று கத்தினார்.

நஸ்ரீனுக்கு இடம் கிடைத்தது. இன்று காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் அவள் இயற்பியல் பேராசிரியை.

அந்த அம்பாசிடர் பழைய இரும்புக்குப் போய் எத்தனையோ காலமாகிறது. கார் தள்ள டீக்கடையிலிருந்து எழுந்து வருகிறவர்களும் இல்லை. போன மாதம் ஷமீமைப் பார்க்கப் போய்விட்டு, காலையில் பேரணாம்பட்டில் பஸ் ஏறினேன். கழுத்தில் அடையாள அட்டை, காதில் பாட்டு, தோளில் பை என்று கல்லூரிக்குப் போகும் பெண்கள். யார் கூட வருகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை, எந்த அப்பாவும் படியோரம் தயங்கி நிற்கவில்லை. பஸ் நிறைய அவர்களே இருந்தார்கள். குடியாத்தம் வரைக்கும் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.