எங்கள் கிணற்றில் முதலில் மணத்தது யாருக்கு

எங்கள் வீட்டில் எல்லாப் பைத்தியத்துக்கும் 'விசர்' என்ற ஒரு சொல்தான் இருந்தது. உச்சி வெய்யிலில் நடந்தாலும் விசர், பஸ்ஸுக்குள் தனியே சிரித்தாலும் விசர், ஆஸ்பத்திரியில் மறித்து வைத்தாலும் விசர். நான் கம்பஸில் உளவியல் படிக்கத் தொடங்கியதும் அந்த ஒரு சொல்லைப் பல சொற்களாக உடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிரமை வேறு, மருட்சி வேறு என்றேன். இல்லாத குரலைக் கேட்பது ஒன்று. இல்லாததை அசையாமல் நம்புவது இன்னொன்று. மணியடித்து நாயின் எச்சிலை அளந்த ரஷ்யரைப் பற்றியும் சொன்னேன்.

"நாய்க்கு மணியடிக்கிறதையோ மோனை உங்கை படிப்பிக்கினம்?" என்றார், வெங்காயம் நட்டு என்னைப் படிப்பித்த அம்மா. "எங்கடை நாய்க்குச் சட்டிச் சத்தமே காணும்."

அக்கா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். முதற்பிள்ளைப் பேற்றுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், அத்தான் கட்டாரில் இருந்ததால் அப்படியே தங்கிவிட்டாள். அப்பா இல்லாத வீடு. யாரும் பெரிதாக வந்துபோவதில்லை. அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் கடைசி.

ஒரு நாள் பின்னேரம் நான் வந்தபோது கிணற்று வாய் தகரத்தால் மூடியிருந்தது.

"ஆரோ கிணத்துக்கை மருந்து போட்டிருக்கிறாங்கள். மணக்குது," என்றார் அம்மா. அக்கா பின்னால் நின்று தலையாட்டினாள்.

பூச்சிமருந்து தெளிக்கும் தோட்டங்களுக்கு நடுவே வாழும் எங்களுக்குக் கிணற்றைச் சந்தேகிப்பது நோயல்ல, புத்தி. ஆகவே ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்துப்போய்ப் பரிசோதிக்கக் கொடுத்தேன். குறையொன்றும் இல்லை என்றார்கள்.

"சோதிச்சவங்களையும் காசு குடுத்து வேண்டிப்போட்டாங்கள்," என்றார் அம்மா.

அப்போதுதான் வீட்டைக் கவனித்துப் பார்த்தேன். அக்கா அந்தத் தண்ணீரில் காய்ச்சிய சோற்றைத் தொடுவதில்லை. பால் வற்றியது. குழந்தையை நிறுத்துப் பார்த்த மருத்துவமாது முகம் சுளித்தார்.

பாடத்தில் இதற்கு ஒரு பெயர் இருந்தது: பகிர்ந்த மருட்சி. ஒதுங்கி வாழும் ஒரு வீட்டில் ஒருவரின் மருட்சி மற்றவருக்கும் தொற்றிக்கொள்வது. பிரெஞ்சு வைத்தியர்கள் முன்னொரு காலத்தில் விவரித்தது. பெரும்பாலும் வீட்டில் அதிகாரம் உள்ளவரிடம் தொடங்கும். இருவரையும் பிரித்துவைத்தால், தொற்றியவர் அநேகமாகத் தானே தேறிவிடுவார். தொடங்கியவருக்குத்தான் மருந்து.

இருவரையும் மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் அக்காவைப் பார்த்துக் கேட்டார்: "முதலிலை ஆருக்கு மணத்தது?"

அக்கா அம்மாவைப் பார்த்தாள். "எனக்குத்தான் டொக்டர்," என்றார் அம்மா. "நான் சொல்லித்தான் உவள் பயந்தவள்."

அக்காவுடன் தனியே கதைக்க வேண்டும் என்றார் டொக்டர். "பச்சை உடம்புக்காரி, தனிய விடேலாது," என்று அம்மா அசையவில்லை. எங்கள் வீடுகளில் மகளுக்காகத் தாய் வாய் திறப்பது வழக்கம் என்பதால் எனக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை. அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த முறை மகள் தனியே வரவேண்டும் என்றார்கள். நான் ஓட்டோ பிடித்து, அக்காவையும் குழந்தையையும் நல்லூரில் தனியே இருந்த அவளுடைய மாமியாரிடம் விட்டுவந்தேன்.

பாடத்தில் இருந்தபடி ஒருவர் தேறினார். சில கிழமைகளில் அம்மா தானாகவே தகரத்தை விலக்கி, தண்ணீர் அள்ளிக் குளித்தார், குடித்தார். மருந்து வேலை செய்கிறது என்று சந்தோசப்பட்டேன். பிறகு ஒரு காலையில் சீனி எடுக்கப்போன இடத்தில், சீனிப் பேணிக்குப் பின்னால் மாத்திரை அட்டைகளைக் கண்டேன். ஒரு மாத்திரைகூட எடுக்கப்படவில்லை.

"அம்மா, முதலிலை ஆருக்கு மணத்தது?"

அவர் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "அவளுக்குத்தான். பொம்பிளைப்பிள்ளையடா. விசரெண்டு மாமியின்ரை காதிலை விழுந்தா, பிள்ளையைப் பறிச்சுப்போட்டு அவளைத் திருப்பி அனுப்பிவிடுவினம். எனக்கெண்டா ஆர் என்ன செய்யிறது?"

"அப்ப உங்களுக்கு மணக்கேல்லையோ?"

"மணத்தது," என்றார் அம்மா. "அவள் சொன்னாப்பிறகு மணத்தது. சத்தியமா."

மருந்து தேவைப்பட்டவளைத்தான் குழந்தையோடு வேறொரு தனித்த வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம்.

உடனே அக்காவுக்குப் போன் எடுத்தேன். மாமியார் எடுத்தார். ரகசியம் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நானே எடுக்க இருந்தனான். எங்கடை கிணத்தையும் பழுதாக்கிப்போட்டாங்கள். இப்ப உலை வைக்கிறேல்லை, பிஸ்கற்தான். ஆரிட்டையும் சொல்லிப்போடாதையும்."

"அக்காவோ மாமி சொன்னவ?"

"இல்லைத் தம்பி. முதலிலை மணத்தது எனக்குத்தான்."

அவருக்குப் பின்னால் அக்கா குழந்தையை 'ஓ ஓ' என்று தாலாட்டுவது கேட்டது. குழந்தை அழும் சத்தம் கேட்கவில்லை.

அம்மா அதற்குள் சீலை மாற்றியிருந்தார். "நானும் வாறன். டொக்டரிட்டை நானே சொல்லுறன்." ஆனால் நல்லூர் வீட்டு வாசல் படலையடியில் நின்றுவிட்டார். மூக்கைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டிருந்தார். அவரை உள்ளே வரச்சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.

குழந்தை கை இரண்டும் மெலிந்து, விழித்தபடி கிடந்தது. அக்கா பதறவில்லை.

"டொக்டரிட்டை போவம் அக்கா."

"ஓம், வாறன்," என்றாள். கிணற்றிலிருந்து அள்ளி ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினாள். "முதல் இந்தத் தண்ணியைக் குடி. நீ படிச்சனீ. நீ சொன்னா நம்புறன்."

மாமியார் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மோந்து பார்க்கவில்லை. மோந்தால் என்ன ஆகும் என்று தெரியாது. முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தேன்.

"வெறும் தண்ணி அக்கா. வெளிக்கிடு."

அவள் என் முகத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுக் குழந்தையைத் தூக்கினாள். அம்மாவும் ஓட்டோவில் ஏறினார். ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை என் நாக்கு பல்லிடுக்குகளில் மருந்துக் கைப்பைத் தேடிக்கொண்டே இருந்தது.