கூர் மழுங்காத பென்சில்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு அவர் மூன்று பென்சில்களைச் சீவுவார். சாப்பாட்டு மேசையைச் சுற்றியுள்ள மூன்று நாற்காலிகளுக்கு எதிரே ஆளுக்கொன்றாக வைப்பார். ஆட்டம் முடிந்து எல்லாரும் போனபின் அவற்றைப் பொறுக்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, முனைகளைப் பார்ப்பார்.

"குத்தினா ரத்தம் வரும். வெச்சது வெச்சபடி இருக்கு" என்பார் மனைவியிடம். ஏழு வருடமாக இதே வாக்கியம். அந்தப் பென்சில்கள் எழுதித் தேய்ந்ததைவிட அவர் சீவித் தேய்ந்ததுதான் அதிகம்.

பல் செட் செய்வது அவர் தொழில். மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து, பார்த்தறியாத வாய்களுக்குப் பல் செய்கிறார். இந்த ஆள் ஒரு பக்கமாகவே மெல்லுகிறவன், இந்த அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டே வாழ்ந்திருக்கிறாள் என்று அச்சைப் பார்த்தே சொல்லிவிடுவார். அச்சு வார்த்து மிஞ்சும் மாவில் பூதங்களும் பாலங்களும் செய்வார். ஈறுக்கு ஊற்றும் ரோஸ் பிசினில் ஒரு படகுக்காரியைக்கூடச் செய்திருக்கிறார், சுண்டுவிரல் உயரத்தில்.

இவையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு. ஒருவர் கதையின் உலகத்தைச் சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லும் மேசை விளையாட்டு அது. செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். கதை சொல்பவர் இவர். பட்டறையில் பிசின் இறுகுகிற அரைமணி நேரத்தில், சாப்பாட்டை மறந்து, நோட்டில் மாங்கு மாங்கென்று எழுதுவார்.

எழுதி யாருக்குக் கொட்டுகிறார் என்பதுதான் வேடிக்கை. முதல் நாற்காலியில் ஒரு வங்கிக் காசாளர், பள்ளிக்கூடத் தோழர். உன் பாத்திரத்தின் பிறப்பு, வளர்ப்பு பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவா என்று ஏழு வருடத்துக்கு முன் சொன்னதற்கு, 'அனாதை' என்று ஒரே சொல்லில் எழுதி வந்தவர். ஏன் இவ்வளவுதானா என்று கேட்டதற்கு, குடும்பம் இருந்தால் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுமே என்றாராம். இரண்டாவது நாற்காலியில் தம்பி. தன் முறை வரும்போது போனிலிருந்து தலைதூக்கி, "நான் இப்ப எங்க இருக்கேன்ணா?" என்பான். இடத்தைச் சொன்னதும், "சரி, அடிக்கிறேன்" என்பான். நீதிபதியை அடித்திருக்கிறான், பூட்டிய கதவை அடித்திருக்கிறான். ஒருமுறை சிலையை அடித்தான். சிலை வாங்கிக்கொண்டு நின்றது.

மூன்றாவது நாற்காலியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பெண்மணி. பல்லுக்காரரின் மனைவிக்குக் கற்றுக்கொடுக்க வந்து, மூன்று வருடமாக ஆட்டத்துக்கும் வருகிறவர். அவரை எல்லாரும் டீச்சர் என்பார்கள். ஒப்புக்கு உட்கார்ந்திருக்கிறார் என்பது பல்லுக்காரரின் தீர்ப்பு. குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மடியில் போன்தான், வேறென்ன. கதை சூடுபிடிக்கும் நேரத்தில் வலது காலைத் தரையில் அழுத்தி அழுத்தி எடுப்பார். அதுவும் சலிப்பில்தான்.

"பிடிக்கலைன்னா நிறுத்த வேண்டியதுதானே" என்று மனைவி ஒருநாள் கேட்டாள். "வாரம் பூரா அவங்களத் திட்டறதுலயே உங்களுக்கு நாக்கு வத்துது."

நிறுத்தத்தான் நினைத்தார். நான்கு வாரமாக நோட்டில் தேதியைத் தவிர ஒரு வரி விழவில்லை. சொல்ல எதுவும் மிச்சமில்லை, சொல்வதைக் கேட்கவும் ஆளில்லை. ஆனால் சும்மா நிறுத்தினால் குற்றம் தன் தலையில் விழும். ஏனோதானோ என்று ஆடுகிறவர்கள் அவர்கள்தான் என்று கையும் களவுமாகப் பிடித்துவிட்டு நிறுத்த வேண்டும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சென்ற வருடத்து நோட்டை எடுத்தார். அந்த வருடம் இதே மாதம் சொன்ன படகுத்துறைக் கதையை, ஒரு சொல் மாற்றாமல் மறுபடி சொன்னார்.

அதே ஆறு. ஆற்றின் அடியில் அதே மூழ்கிய மணி. ஒரு காலில் மட்டும் செருப்புப் போட்ட அதே படகுக்காரி.

"எத்தனை பேரு இருக்கானுங்க?" என்றார் காசாளர்.

"ஒருத்தி. படகுக்காரி."

"அடிக்கிறேன்."

"நானும்ணா" என்றான் தம்பி.

சென்ற வருடமும் இதே வரிசையில் அடித்தார்கள். சுழியில் படகு சாய்ந்தபோது டீச்சரின் வலது கால், பிரேக் மிதிப்பதுபோல், தரையை அழுத்தியது. பிறகு தலைநிமிராமலே கேட்டார்: "அந்தம்மா ஏன் ஒரு கால்ல மட்டும் செருப்புப் போட்டிருக்காங்க?"

"அடுத்த வாரம் சொல்றேன்."

போகும்போது தம்பி அண்ணனின் தோளைத் தட்டினான். "இன்னைக்கு செமண்ணா. புதுசா இருந்துச்சு."

பல்லுக்காரருக்கு அன்றைக்குத்தான் பசித்தது. மூன்று பென்சில்களையும் வெளிச்சத்தில் பார்த்தார். மூன்றும் கூர். "மூணு பேரும் முட்டை" என்று மனைவியிடம் அறிவித்துவிட்டு, அவர்களுடைய பாத்திர அட்டைகளைக் கட்டிப் பரணில் போட எடுத்தார். மதிப்பெண்கள் இருக்கிற முன்பக்கத்தைத் தவிர அந்த அட்டைகளை அவர் பார்த்ததே கிடையாது. ரப்பர் பேண்ட் போடும்போது கட்டு கவிழ்ந்தது.

டீச்சரின் அட்டையின் பின்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாகப் பேனா எழுத்து. மாணவர்களின் பயிற்சிப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிற, அவர் பையிலேயே இருக்கிற நீலப் பேனா. மடியில் வைத்து எழுதியதால் வரிகள் சாய்ந்திருந்தன. ஊர்கள், ஆட்கள், சத்தியங்கள், யார் யாரிடம் பொய் சொன்னார்கள் என்பதுகூட. சென்ற வருடத் தேதியிட்டு ஒரு வரி: 'படகுக்காரி. ஒற்றைச் செருப்பு. ஏன்? அடுத்த வாரம் சொல்கிறாராம்.' கடைசி வரி அன்றைய தேதியில், மை இன்னும் பளபளப்பாக: 'அதே கதை. மறுபடியும் கேட்டாச்சு. மறுபடியும் அடுத்த வாரமாம். இவரும் ஏனோதானோதான்.'

அவர் பழைய நோட்டில் படகுக்காரியின் பக்கத்தைத் தேடினார். கண், தலைமுடி, துடுப்பின் மரம் வரைக்கும் எழுதியிருந்தார். செருப்புக்குக் காரணம் எதுவும் இல்லை. சும்மா, பார்க்க நன்றாக இருக்கும் என்று போட்ட செருப்பு.

ஆட்டம் நிற்கவில்லை. டீச்சரும் மறுபடி கேட்கவில்லை. குனிந்து எழுதிக்கொண்டு காத்திருக்கிறார். நான்கு ஞாயிறு போய்விட்டது. இப்போது பல்லுக்காரர் நான்கு பென்சில்கள் சீவுகிறார். நான்காவது அவருடைய நாற்காலிக்கு எதிரே, படகுக்காரியின் பக்கத்தில் திறந்து வைத்த நோட்டின் மேல். எல்லாரும் போனபின் மூன்றை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்க்கிறார். நான்காவதை மட்டும், முனையைப் பார்க்காமல், டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுகிறார்.