சந்தை ஊரில் எட்டுச் செலவு

லண்டனிலிருந்து ரயிலில் வடக்கே போனால் அந்தச் சந்தை ஊர் வரும். வியாழக்கிழமைகளில் சந்தை. நடுவில் கல்லாலான பழைய சிலுவைக் கம்பம், அதைச் சுற்றிப் படிகள். நான்கு தெருக்களும் அங்கேதான் வந்து முட்டும். சற்றுச் சாய்ந்த கோபுரத்தோடு ஒரு தேவாலயம், ஆற்றுக்கு மேலே கூனல் விழுந்த பாலம், அப்பால் செம்மறிகள் மேயும் மேடுகள், எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் சம்பந்தமே இல்லாத பெயர்களோடு குட்டிக் கிராமங்கள். இத்தனையையும் நான் லண்டனில், வீட்டுச் சோபாவில் படுத்தபடியே அறிந்துகொண்டேன்.

சொல்லித் தந்தவர் என் மனைவியின் அண்ணன். அந்த ஊரின் ஒரே தமிழர். மூலைக்கடை வைத்திருந்தார், கடைக்கு மேலே தனியாகக் குடியிருந்தார். ஞாயிறுதோறும் எனக்குப் போன் எடுப்பார்.

“மச்சான், ஆத்தில வாத்துக் குஞ்சு பொரிச்சிட்டுது. லண்டனும் ஒரு ஊரே? இஞ்ச வந்து பாரும்.”

“வாறன் மச்சான், வாறன்.”

அவர் ஊரைச் சுற்றிக் காட்டுவார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு கிரிக்கெட் பார்ப்பேன்.

ஒருநாள் கடைக்குள் பிஸ்கட் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். மனைவிக்கு அழுகையைவிட ஒரு கேள்விதான் பெரிதாக இருந்தது.

“அந்த ஊரில அண்ணைக்கு ஆரப்பா இருந்தது? ஒருத்தரும் இல்லாமலே இருந்து போயிட்டாரே?”

அரிசி கழுவும்போது கேட்டாள். டிராமிலும் கேட்டாள். செத்த வீட்டிலும் பகிடி விட்டுச் சிரிக்கவைக்கிறவன் என்று பேரெடுத்த நான் டிராம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவை அவர் கடையிலேயே வைப்போம் என்றாள். இந்த நாட்டில் பிரேதம் கையில் கிடைக்கவே நாளெடுக்கும் என்பதால் தகனத்திலிருந்து எண்ணினோம். எட்டாம் நாள் வியாழனில் விழுந்தது. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்து, பொழுதுபடும் நேரம் ஒரு பங்கை நாற்சந்தியில் வைத்துவிட்டு வர வேண்டும். வைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போகிறவர் போகாமல் கூடவே வந்துவிடுவாராம்.

ஸ்டேஷனில் இறங்கியதிலிருந்தே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. எல்லாம் அவர் சொன்ன இடத்தில், சொன்னபடியே நின்றன. பாலத்தில் கால் வைக்க, “இதுதான் மச்சான் பாலம்” என்று காதுக்குள் கேட்டது. கோபுரத்தை அண்ணாந்து பார்க்க முன்னமே “சரிஞ்சிருக்குது பாரும்” என்றது. வந்து பார் என்று கூப்பிட்டவர் மட்டும் இல்லை.

படையல் முடிந்ததும் வாழையிலைத் துண்டில் புட்டு, நண்டுக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், சின்னக் கிளாசில் கொஞ்சம் பிராண்டி. எல்லாவற்றையும் ஒரு தட்டத்தில் வைத்து மனைவி என் கையில் தந்தாள். சந்தை கலைந்துகொண்டிருந்தது. கம்பத்தடிப் படியில் தட்டத்தை வைத்தேன், கும்பிட்டேன், கடையை நோக்கி நடந்தேன்.

“டார்லிங்! சாப்பாட்டை விட்டுவிட்டுப் போகிறீர்கள்!”

பெண் குரல். நான் வேகத்தைக் கூட்டினேன். பின்னால் சப்பாத்துச் சத்தமும் வேகம் கூட்டியது. ஐம்பதைத் தாண்டிய என் முழங்காலுக்கு ஓட்டம் சரிவராது. அவள் சுற்றி வந்து முன்னால் நின்றாள்: விரல் தெரியும் கையுறை போட்ட, சந்தையில் மரக்கறி விற்கிறவள், கையில் எங்கள் தட்டம். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், மோந்து பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

“இது நண்டு. இது அவருடைய சாப்பாடு.”

அவர் போக வேண்டும், நான் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினேன். கேட்கிறவர் சிரிக்கத்தான் வேண்டும். அவள் சிரிக்கவில்லை.

“வியாழக்கிழமைகளில் சந்தை முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் இந்தப் படியில் இருந்துதான் சாப்பிடுவோம். நண்டை உடைக்க அவர்தான் பழக்கினார். இதை இங்கே விட்டால் புறா தின்னும். நீங்கள் போங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.”

ஆற்று வாத்துவரை சொன்ன மனிசன் இவளைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

அவள் என்னைக் கடந்து திரும்பிப் போனாள். கற்களில் அவளுடைய சப்பாத்துச் சத்தம். அதோடு சேர்ந்து, கொஞ்சம் பின்தங்கி, செருப்பை இழுத்து நடக்கிற இன்னொரு சத்தம். நான் நின்ற இடத்திலேயேதான் நின்றேன். ஆகையால் அது என்னுடையதல்ல.

கடை வாசலில் மனைவி என் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“திரும்பிப் பாத்தனீங்களோ?”

“இல்லையப்பா.”

“அந்த மனிசி ஆர்?”

“மரக்கறி விக்கிறவ. வியாழன்ல அண்ணையோட இருந்து சாப்பிடுறவவாம்.”

அவள் மறுபடி சந்தைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“என்ன செய்யிறா?” என்று கேட்டேன்.

“படியில இருந்து சாப்பிடுறா. பக்கத்தில இடம் விட்டுத்தான் இருக்கிறா.” பிறகு, “கதைக்கிறா” என்றாள்.

“ஆரோட?”

அவள் முகத்தில் இத்தனை நாளும் இறுகிக் கிடந்த ஏதோ தளர்ந்தது. மெல்லக் கையை உயர்த்தி, சந்தைப் பக்கம் பார்த்து ஆட்டினாள். கொஞ்சம் பொறுத்து, யாரோ பதிலுக்கு ஆட்டியது போல, கையை இறக்கினாள்.

நான் உள்ளே போய் நண்டுச் சட்டியைக் கழுவத் தொடங்கினேன்.