ஓர் ஆளுக்கு ஒரு முட்டை

நோர்வேயின் லில்லெஸ்ட்ரோம் நிலையத்தில் ரயிலுக்கு நின்றபோது அம்மா தொலைபேசியில் அழைத்தார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. மேடையில் ஏதோ அறிவிப்பு. பாதிச் சொற்கள் கேட்கவில்லை. கேட்டவை போதுமாக இருந்தன.

"தவமணி அக்கா மோசம் போயிட்டா, பிள்ளை. நித்திரையிலையாம். வேலைக்கு வரேல்லை எண்டு தேடிப் போய்த்தான் கண்டிருக்கினம். பாவம். தனிய."

ரயில் வந்தது. ஏறவில்லை. அந்தக் கடைசிச் சொல்லோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஒஸ்லோவின் ரொம்மனில் அக்கா வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்த எல்லோரும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். சகோதரங்களைக் கரைசேர்த்தவ, கடைசியிலை தனிய, பக்கத்திலை ஒருத்தரும் இல்லை. இதை வாசிக்கிற உங்களில் பலர் அன்று அங்கே இருந்தீர்கள். உங்களோடு வாதாட விருப்பமில்லை. எனக்குத் தெரிந்த தவமணி அக்கா ஒருவர் இருக்கிறார். அவரை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நாங்கள் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை செய்தோம். நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு வார இறுதிகளில். அவர் முழுநேரம். முதல் நாள் 'அன்ரி' என்று கூப்பிட்டேன். கையிலிருந்த படுக்கை விரிப்பை மடித்து முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"நான் உமக்கு அன்ரி இல்லை. உம்மோடை வேலை செய்யிறனான். அக்கா எண்டு சொல்லும்."

அப்போதே ஐம்பதைக் கடந்திருந்தார். எண்பதுகளில் வடகோடியிலுள்ள பாட்ஸ்பியோர்ட்டுக்கு வந்து மீன் தொழிற்சாலையில் நின்றவர். தம்பியையும் தங்கையையும் ஊரிலிருந்து வெளியே எடுத்து, கல்யாணம் செய்துவைத்து, ஒருவரை லண்டனுக்கும் ஒருவரைக் கனடாவுக்கும் அனுப்பியவர். தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "நேரம் கிடைக்கேல்லை" என்பார். பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவரின் குரலில். அடுத்த பஸ்ஸைப் பற்றிய கவலை இல்லாத குரலும்கூட.

அவருடைய சமையலை நீங்கள் சாப்பிட்டிருப்பீர்கள். பெரிய சட்டி. எப்போதும் பத்துப் பேருக்கு. பிறகு பிளாஸ்ரிக் பெட்டிகள். வேலையிடத்துக்கு, கோயிலுக்கு, பிள்ளை பெற்ற வீட்டுக்கு, காய்ச்சல்காரர் வீட்டுக்கு.

அந்த வருடம் தங்கை சுகந்தி கனடாவிலிருந்து நெருக்கிக்கொண்டிருந்தார். வீட்டின் கீழ்த்தளத்தில் அறை தயார். வயது போகிற காலத்தில் தனிய இருக்காதை, இஞ்சை வா, பிள்ளைகளோடை இரு. அன்பில் சொன்னதுதான். அக்காவுக்கும் அது தெரியும். கோடை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். ஒஸ்லோவை விட்டுப்போனால் அந்த வயதில் திரும்பி வந்து தொடங்க முடியாது என்பதும் தெரியும்.

"எனக்குத் தனிய இருக்க ஏலுமோ எண்டு நான் ஒருநாளும் பாக்கேல்லை" என்றார் ஒரு தேநீர் இடைவேளையில். "இவ்வளவு காலமும் தனிய இருந்தனான். ஆனால் பாக்கேல்லை."

இந்த வசனத்தை நான் வெகுகாலம் யோசித்திருக்கிறேன்.

அவருக்கு விடுமுறை இருந்தது. எங்கள் ஆட்களின் விடுமுறை எப்படியென்று உங்களுக்குத் தெரியும். பாரிஸ் என்றால் மாமா வீட்டு சோபா. லண்டன் என்றால் மச்சாள் வீட்டு அடுப்படி. அக்கா கேட்டது வேறு.

"எனக்குத் தனியப் போக ஒரு சொந்தக்காரரும் இல்லாத ஊர் ஒண்டு சொல்லும்."

வரைபடத்தை வைத்துக்கொண்டு தேடினோம். சூரிச், சித்தப்பாவின் மகன். பெர்லின், தம்பியின் மாமியார். இத்தாலி என்றேன். "பலெர்மோவிலை எங்கட ஊராக்கள் இருக்கினம்" என்றார் உடனே. பொலோஞ்ஞா என்றேன். நெற்றியைச் சுருக்கி யோசித்தார். ஒருவரும் அகப்படவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப அதுதான். நீரும் வாரும்."

"தனியப் போறதெண்டு சொன்னீங்கள், நான் என்னத்துக்கு?"

"எனக்கு இங்கிலிஷ் ஓடாது. நீர் கதைக்கிறதுக்கு. மற்றும்படி நான் தனியத்தான்."

பொலோஞ்ஞாவில் பாஸ்தா செய்யப் பழக்கும் வகுப்பை நான்தான் பதிவுசெய்தேன். நாளைப் பார்க்கவில்லை. வகுப்பில் மேசை நடுவே முட்டைகள் குவிந்திருந்ததைக் கண்ட பிறகுதான் உறைத்தது.

"அக்கா, இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

ஒஸ்லோவில் வெள்ளிக்கிழமைகளில் முட்டை வைத்த தட்டைக்கூடத் தொடாதவர். முட்டைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை ஒஸ்லோவிலை. நீர் போய் ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

சொல்லவில்லை. இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

உயரமான ஜன்னல். நீண்ட மரமேசை. எங்களோடு ஒரு ஜெர்மன் தம்பதி, ஓர் அமெரிக்க இளைஞன். சொல்லித்தந்த அம்மாளை எல்லோரும் சின்யோரா என்று அழைத்தார்கள். உங்கள் நாட்டில் இப்படி ஏதாவது உண்டா என்று அவர் அக்காவிடம் கேட்டார். இடியப்பம் வரப்போகிறது என்று மொழிபெயர்க்கத் தயாரானேன்.

"இல்லை" என்றார் அக்கா.

பிறகு என்னிடம் தமிழில்: "சொன்னால் பிறகு அதைப் பற்றித்தான் கதைக்க வேணும். நான் இதைப் பாக்க வந்தனான்."

அந்த ஒற்றை வாக்கியத்துக்காகவே அவரை வணங்கலாம். எங்களில் யாருக்கு இது முடியும்? எதைக் கண்டாலும் ஊரை அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைக்காமல் இருக்க?

சின்யோரா தராசு பாவிக்கவில்லை. ஓர் ஆளுக்கு ஒரு முட்டை, அது பிடிக்கிற அளவுக்கு மா. உங்கள் வீட்டு மேசையில் எத்தனை பேரோ, அத்தனை முட்டை எடுங்கள் என்றார். ஜெர்மன் தம்பதி தங்களுக்கும் பிள்ளைகளுக்கும் எடுத்தார்கள். நான் அம்மா, அப்பா, தம்பி, என்னையும் சேர்த்து எடுத்தேன்.

அக்காவின் முறை. கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஊர்ந்தது. உதடு அசைந்தது. சுகந்தி, சுகந்தியின் மனிசன், பிள்ளைகள், லண்டன் தம்பி வீட்டார். கணு போதாமல் மற்றக் கைக்குப் போனார். பாதியில் நின்றார். இரண்டு கைகளையும் மூடினார். பிறகு ஒரு விரலை மட்டும் நீட்டினார்.

"ஒன்றா?" என்றார் சின்யோரா. ஒரு முட்டை போதாது, மா உருட்டக் காணாது, இன்னும் கொஞ்சம் எடுங்கள் என்றார். மொழிபெயர்த்தேன்.

"ஒண்டு எண்டு சொல்லும்."

மாவைக் குன்றாக்கி நடுவில் குழி செய்து முட்டையை உடைத்து ஊற்றினார். மதில் உடைந்தது. முட்டை மேசை விளிம்பை நோக்கி ஓடியது. முழங்கையால் மறித்தார். ஜெர்மன்காரர் சிரித்தார். அக்கா அவரைவிடப் பெரிதாகச் சிரித்தார். சட்டைக் கை நனைந்து ஒட்டியிருக்க, விட்டதையெல்லாம் வழித்துச் சேர்த்துக்கொண்டார்.

பதம் காதுமடலைப் போல இருக்க வேண்டும் என்றார் சின்யோரா. தொட்டுப் பாருங்கள். எல்லோரும் ஒரு கையால் காதையும் மறு கையால் மாவையும் தொட்டோம். அக்கா தொடவில்லை. பாட்ஸ்பியோர்ட்டின் ஐஸ்மீனில் அவருடைய விரல்நுனிகள் உணர்விழந்து வெகுகாலம். வேலையிடத்தில்கூட, முதியவர்களைக் குளிப்பாட்டும் நீரின் சூட்டை அவர் முழங்கையால்தான் பார்ப்பார். இப்போது மாவுருண்டையை இரண்டு கைகளாலும் தூக்கினார். கன்னத்தில் வைத்து அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு.

சின்யோரா திருத்தவில்லை.

"வந்திட்டுது" என்றார் அக்கா.

உருட்டியதில் ஓரிடம் தடிப்பு, ஓரிடம் கிழிசல். நாடா நாடாவாக வெட்டினார். அவித்து வெண்ணெயில் பிரட்டியபோது சிறிய தட்டு ஒன்று நிறைந்தது. மற்றவர்கள் தங்களுடையதை நடுவில் வைத்துப் பகிர்ந்தார்கள். எனக்கும் தோன்றியது இயல்பானதுதான். முள்ளுக்கரண்டியை அவர் தட்டை நோக்கி நீட்டினேன்.

தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இது எனக்கு."

யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் தன் தட்டிலிருந்து கொடுக்க மறுத்ததை வாழ்க்கையில் அன்றுதான் கண்டேன். அவசரமில்லாமல் சாப்பிட்டார். கடைசி நாடாவை விரலால் எடுத்தார். கன்னத்தில் மா அப்படியே இருந்தது. துடைக்கச் சொல்ல மனம் வரவில்லை.

வெளியே தூண்கள் நிரையாய் நின்ற நடைபாதையில் நின்றுகொண்டு கனடாவுக்கு அழைத்தார்.

"சுகந்தி, நான் வரேல்லை. கோவம் ஒண்டும் இல்லையடி. எனக்கு வருத்தமும் இல்லை. நான் பாத்தனான். எனக்கு நான் காணும்."

அந்தப் பக்கம் வெகுநேரம் அழுகுரல் கேட்டது. அக்கா பொறுமையாகக் கேட்டார். முடிவை மாற்றவில்லை.

அதற்குப் பிறகும் பெரிய சட்டி இருந்தது, பெட்டிகள் இருந்தன. எங்களுக்கு ஒன்றும் குறையவில்லை. ஆனால் சில மாலைகளில் அவர் தொலைபேசியை எடுக்க மாட்டார். ஒருமுறை சொல்லாமல் போனேன். கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். கன்னத்தில் மா.

"இண்டைக்கு ஒரு முட்டை நாள். நாளைக்கு வாரும், புட்டு அவிச்சுத் தாறன்."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே அவர் ஏதோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது.

அவருடைய எட்டுச் செலவுக்குக் கனடாவிலிருந்து வந்த சுகந்தி அக்காவே சமைத்தார். இறந்தவருக்குப் பிடித்ததை, மீன், இறைச்சி என்று மச்சமும் சேர்த்து, படைக்கும் நாள். அடுப்படியில் நின்று கேட்டார்: "அக்காவுக்கு என்ன பிடிக்கும்?" கணவாய்க் கறி என்றார்கள். அது லண்டன் தம்பிக்குப் பிடித்தது. பால்புட்டு என்றார்கள். அது சுகந்தி அக்காவுக்கே பிடித்தது. அவர் அகப்பையை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் மா கேட்டேன். ஒரு முட்டை கேட்டேன். செய்துகொண்டே அவரிடம் பொலோஞ்ஞாவைச் சொன்னேன்.

படைத்து முடிந்ததும் வழக்கம்போல எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்து ஆளுக்கொரு கவளம் கொடுக்கத் தொடங்கினார்கள். உறவுக்காரர் ஒருவர் பாஸ்தாத் தட்டையும் இழுத்தார்.

"இதென்ன, இதையும் போட்டுக் குழைக்கிறதோ?"

சுகந்தி அக்கா தட்டைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார்.

"அதை விடுங்கோ. அது அக்காவுக்கு."

தவமணி அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது பொருளல்ல. சில மாலைகளில் மாவைக் குவித்து, குழி செய்து, ஒரு முட்டை உடைக்கிறேன். தொலைபேசி அடிக்கும். எடுக்க மாட்டேன். பதம் வந்ததா என்று கன்னத்தில் வைத்துப் பார்க்கிறேன். சற்றுக் குளிர்ச்சி. பிறகு என் சூடே எனக்குத் திரும்பி வருகிறது.