இரண்டு பேர் சோறு மிச்சம்

அப்பா ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும்போது அவர் சட்டைப் பையில் ஒரு காகிதப் பொட்டலம் இருக்கும். நிலக்கரிச் சுரங்கத்துக் கேன்டீனில் சாயங்கால டீயோடு கொடுக்கும் மசால் வடை அது. தான் தின்னாமல் எனக்கும் தம்பிக்கும் கொண்டுவருவார். வழியெல்லாம் எண்ணெய் ஊறி, காகிதத்தில் இருந்த செய்தி வடையின் மேல் இடவலம் மாறிப் பதிந்திருக்கும். நாங்கள் அதை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது சித்தப்பா சைக்கிளில் வந்து சேருவார். நேராகக் கொல்லைக் குழாயடிக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடிப்பார். பிறகு இன்னொரு சொம்பு. "மாட்டுக்குத் தண்ணி காட்டுன மாதிரி இல்ல இருக்கு" என்று அம்மா கேலி செய்வாள். நாங்களும் சிரிப்போம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. தாத்தாவின் நிலம் சுரங்கத்துக்குப் போனபோது, நிலத்துக்கு ஈடாக வீட்டில் ஒருவருக்கு வேலை கிடைத்தது. மூத்தவர் என்று அது அப்பாவுக்குப் போயிற்று. நிலம் இருவருக்கும் பொது, வேலை ஒருவருக்கு. அப்பா பர்மனென்ட் ஆனார், டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. சில வருடம் கழித்துச் சித்தப்பாவும் அதே சுரங்கத்துக்குள் ஓர் ஒப்பந்தக்காரரிடம் கூலியாகச் சேர்ந்தார். ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் கரியை மண்வெட்டியால் வாரி மறுபடி பெல்ட்டில் கொட்டும் வேலை. கல்யாணமான கையோடு சித்தியையும் அழைத்துக்கொண்டு எங்கள் குவார்ட்டர்ஸின் பின்னறைக்கு வந்தார். அடுப்பு ஒன்று. சமைப்பது சித்தி, அளந்து கொடுப்பது அம்மா.

அம்மாவின் சிக்கனம் எங்கள் பிளாக் முழுக்கப் பிரசித்தம். சந்தை கலைகிற நேரம் பார்த்துத்தான் காய் வாங்கப் போவாள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பருப்பும் மலிவாக வாங்கக் குள்ளஞ்சாவடிவரை பஸ் ஏறுவாள். தர்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டாகும், கொத்தமல்லித் தண்டு ரசமாகும். அரை மூடித் தேங்காய் மூன்று நாள் வரும். கொல்லையில் நின்ற முருங்கை வாரத்தில் நான்கு நாள் எங்களைக் காப்பாற்றியது. கல்லிலே நார் உரிப்பாள் என்று எதிர்க் குவார்ட்டர்ஸ் அம்மா சொல்வதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வாள். இதில் எதையும் நான் குறை சொல்லவில்லை. தர்பூசணிக் கூட்டு இன்றைக்கும் என் வீட்டில் உண்டு. விலைவாசி தெரிந்த யாரும் அந்தச் சாமர்த்தியத்தை இளக்காரமாகப் பேச மாட்டார்கள்.

ஆனால் அம்மா பெருமையோடு முதலில் சொல்லும் சிக்கனம் வேறு. "எங்க வூட்ல மத்தியானம் ரெண்டு ஆம்பளைங்களுக்கும் ஒலை வைக்க வேணாம். கேன்டீன்லயே முடிஞ்சிடும்." அப்போது டவுன்ஷிப்பில் பல வீடுகளில் அதுதான் வழக்கம். சுரங்கத்துக்குப் போகிறவரின் மத்தியானச் சோறு கேன்டீனைச் சேர்ந்தது. மலிவு விலை, வயிறு நிறைய. எந்தப் பெண்ணும் சுரங்கத்தின் கேட்டைத் தாண்டியவள் இல்லை. உள்ளே போகிற எல்லோருக்கும் அங்கே இலை போடுவார்கள் என்றே நம்பினார்கள். அம்மாவும் நம்பினாள். சித்தியும் நம்பினாள்.

நம்பும்படி சித்தப்பாவும் நடந்துகொண்டார். ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்து அப்பா அன்றைய கேன்டீன் சாப்பாட்டை அம்மாவிடம் விவரிப்பார். கத்தரிக்காய்ச் சாம்பார், உப்புக் கூடிப்போன பொரியல், நீர்மோர். குழாயடியில் கால் கழுவிக்கொண்டே சித்தப்பா அதைக் கேட்டிருப்பார் போலும். சித்திக்கு எப்போதும் சாப்பாட்டுப் பேச்சென்றால் ஆசை. கடைசி மாதங்களில் முழுகாமல் இருந்தபோது அந்த ஆசை இன்னும் கூடிற்று. "இன்னிக்கு இன்னா கொழம்புங்க?" என்று கேட்பாள். கத்தரிக்காய்ச் சாம்பார், பொரியலில்தான் உப்பு கூடுதல் என்பார் சித்தப்பா. சித்தி அதைக் கேட்டுத் தானே சாப்பிட்ட மாதிரி திருப்திப்படுவாள். இரண்டு வருடம் இது நடந்தது. காலையில் நாலு வாய் பழைய சோறு, ராத்திரி எங்களோடு குழம்புச் சோறு. நடுவில் பன்னிரண்டு மணி நேரம், கையில் மண்வெட்டி.

ஒரு நாள் அப்பா காய்ச்சலென்று லீவு போட்டிருந்தார். ஆகவே அன்றைக்குச் சாப்பாட்டு விவரம் சொல்ல ஆள் இல்லை. சாயங்காலம் சித்தி வழக்கம்போலக் கேட்டாள். புளிசாதமும் உருளைக்கிழங்கும் என்றார் சித்தப்பா, சொந்தமாக. அந்த நேரம் பார்த்துக் கறிவேப்பிலை கேட்டு எதிர்க் குவார்ட்டர்ஸ் அம்மா கொல்லைப் பக்கம் வந்தாள். தன் வீட்டுக்காரர் இன்றைக்குப் பசியோடு வந்து ஒரே ரகளை என்றாள். கேன்டீன் அடுப்பு ரிப்பேராம், ஒருத்தருக்கும் சோறு இல்லையாம், ஆளுக்கு ஒரு பன் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். சொல்லிவிட்டு இரண்டு கொத்து ஒடித்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் குழாயடிக்குப் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. சித்தி சித்தப்பா பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"உங்களுக்குக் கேன்டீனே கெடையாதாங்க?"

சித்தப்பா சிரித்தார். மாட்டிக்கொண்ட பிள்ளையின் சிரிப்பு. "டோக்கன் பர்மனென்ட்டுக்குத்தான். எங்க காண்டிராக்ட்ல அதெல்லாம் இல்ல." டீ குடிப்பாராம், சில நாள் பன் வாங்கித் தின்பாராம், அதுவே போதுமாம். பழகிவிட்டதாம். ஏன் சொல்லவில்லை என்று சித்தி கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை நான் ஒரு சொல்கூட மறக்கவில்லை. "அண்ணன் வூட்டுல இருந்துகினு, கையில சோத்தயும் கட்டிக் குடுங்கன்னு எப்படிக் கேக்கறது?"

மறுநாள் காலை சித்தி அம்மாவின் அளவுக்குக் காத்திருக்கவில்லை. தானே பானையிலிருந்து அரிசியை எடுத்து உலையில் போட்டாள். தூக்குவாளி நிறையச் சோறு, மேலே குழம்பு. அம்மா வந்து பார்த்தாள். முதல் நாள் நடந்தது அவளுக்கும் தெரியும், நான் சொல்லியிருந்தேன். ஒரு வார்த்தை வருத்தம் சொல்லியிருக்கலாம். ஆனால் மாசக் கடைசியில் இவ்வளவு அரிசியா என்றாள். பதறிப்போனதில் வாயில் வந்தது அதுதானோ என்னவோ. சித்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அரிசி போதலன்னா எனக்குப் போட வேணாங்க்கா. அவரு தூக்கு காலியாப் போவாது."

வயிற்றில் பிள்ளையோடு நின்றவள் சொன்ன சொல் அது. அந்த மாதமே அவர்கள் டவுன்ஷிப்புக்கு வெளியே ஓர் ஓட்டு வீட்டுக்கு வாடகைக்குப் போய்விட்டார்கள். வயிற்றுப் புண் சித்தப்பாவைக் கடைசிவரை விடவில்லை. காரம் ஆகாது, பசி தாங்காது. போன மாதம் காலமானார்.

இவ்வளவு வருடமும் நான் அம்மாவைத்தான் மன்னிக்காமல் இருந்தேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் குடும்பத்தை நிமிர்த்தினாள் என்று உறவுக்காரர்கள் அவளைப் புகழும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் வாயை? யார் வயிற்றை? சிக்கனம் என்று சொல்லி வீட்டில் எதையாவது மிச்சம் பிடிக்கும்போது, அது யாருடைய தட்டிலிருந்து வருகிறது என்று கேட்க ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. அளந்து போட்ட கை அம்மாவுடையது. ஆகவே கோபமும் அவளுக்கென்றே வைத்திருந்தேன். தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பேன், உட்கார்ந்து பேச மாட்டேன்.

சித்தப்பாவின் கருமாதி அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. சமையல்காரரிடம் அரிசி அளவு சொல்லிக்கொண்டிருந்த அம்மாவைத் தம்பி மகள் போனில் படம் பிடித்தாள். பாட்டியின் சிக்கனக் குறிப்புகளைக் குடும்பக் குழுவில் போடப் போகிறாளாம். அம்மாவுக்கு உற்சாகம். குள்ளஞ்சாவடிப் பருப்பு, கொத்தமல்லித் தண்டு எல்லாம் வந்தது. பிறகு, "எங்க வூட்ல ரெண்டு ஆம்பளைங்களுக்கும் மத்தியானம் ஒலையே வைக்க மாட்டோம்" என்று ஆரம்பித்தாள். செத்தவரின் வாசலில் நின்றுகொண்டு. நான் போனைப் பிடுங்கினேன். இரண்டு வருடம் ஒரு மனுஷனைப் பட்டினி போட்டதை இன்னும் கணக்கில் வைத்துப் பெருமை பேசுகிறாயா என்று கத்தினேன். பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா கோபப்படவில்லை. அவளுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"நான் கேட்டேன்டி. ஒங்க தம்பி அங்க சாப்புடுறாரா, கட்டிக் குடுக்கணுமான்னு ஒங்கப்பாகிட்ட ஒரு தடவ இல்ல, நாலு தடவ கேட்டேன். 'ம்'னாரு. சாப்புடுறான்னாரு."

அப்பா பந்தல் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்கும் வயது. காது நன்றாகக் கேட்கும், எல்லாம் கேட்டிருக்கும். நான் போய் எதிரில் நின்றேன். கேன்டீனில் தினமும் உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர். யாருக்கு டோக்கன் உண்டு, யாருக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. இவ்வளவு வருடத்தில் அந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வடை கொண்டுவந்து கொடுத்தவரை யார் கேட்பார்கள்? ஏன்பா அம்மாவிடம் சொல்லவில்லை என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் பந்தலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சொன்னா உங்கம்மா கட்டிக் குடுத்திருப்பா."

"அதனாலதான் சொல்லலையா?"

"ஒன்ன வெளியூர் காலேஜுல சேக்கணும்னு பணம் சேத்துகினு இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுதாரா, வியர்வையா என்று நான் பார்க்கவில்லை. எனக்கு அவரைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. ஆனால் நான் படித்தேன். பட்டம் வாங்கினேன், வேலைக்குப் போனேன், வீடு கட்டினேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கிழவரைத் திட்டுவதற்கு நான் எடுக்கும் ஒவ்வொரு வார்த்தையும் சித்தப்பாவின் சோற்றில் படித்த வார்த்தை.

இலை போட்டுவிட்டார்கள். சித்தி வந்து என் கையைப் பிடித்தாள். நடந்ததெல்லாம் அவள் காதிலும் விழுந்திருக்கும். புதிதாக எதையும் கேட்டவள் மாதிரி அவள் முகம் இல்லை.

"வாம்மா, பசியோட நிக்காத. வந்து ஒக்காரு."

உட்கார்ந்தேன். சித்தி குனிந்து என் இலையில் சோற்றை அள்ளி வைத்தாள். மறுபடியும் வைத்தாள். போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.